நெஞ்சு நீரில் ஒரு பெயர்

என் மனைவிக்கு நெஞ்சில் நீர் கட்டியதற்குக் காரணம் என் மச்சினன் பூபதிதான் என்று இயந்திரம் சொன்னபோது, பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு இயந்திரமாவது ஒத்துக்கொண்டதே.

என் பெயர் சென்னியப்பன். கவுந்தப்பாடியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பார்த்து ஏன் எரிந்தது என்று சொல்வதுதான் பிழைப்பு. ஒன்று லோடு அதிகமாகியிருக்கும், அல்லது தண்ணீர் புகுந்திருக்கும், அல்லது கரண்ட் ஏறி இறங்கியிருக்கும். பூபதி என்றொரு காரணத்தை இதுவரை எந்த மோட்டாரிலும் நான் பார்த்ததில்லை.

என் மனைவி கோகிலாவுக்கு ஒரு மாதமாகவே மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தியது. சாயங்காலமானால் காய்ச்சல். சிரித்தால் வலி, தும்மினால் வலி. வாய்வு என்று நான் சொன்னேன். எதற்கெடுத்தாலும் வாய்வு என்று சொல்வது என் வழக்கம். கடைசியில் மகள் நேத்ராதான் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே முதுகுப் பக்கம் ஊசி போட்டு, கடலை எண்ணெய் நிறத்தில் ஒரு பாட்டில் நீர் எடுத்தார்கள். அதைக் காரணி என்ற அந்த இயந்திரத்துக்குள் வைத்ததும் திரையில் இரண்டு வரிகள் வந்தன.

"முதல் வரி நோயைச் சொல்லுதுங்க," என்றார் டாக்டர் ஹசீனா. "நுரையீரலைச் சுத்தி ரெண்டு உறை இருக்குது. நடுவுல நீர் கட்டுச்சுன்னா காசநோயா, இருதயக் கோளாறா, புத்துநோயா, என்னவா வேணா இருக்கலாம். முன்னெல்லாம் நீரை எடுத்து வெச்சுக்கிட்டு வாரக்கணக்காக் கொழம்புவோம். காரணி அந்த நீர்ல இருக்கற புரதம், நொதியெல்லாம் அளந்து பார்த்து உடனே சொல்லிரும். உங்க வீட்டம்மாவுக்குக் காசநோய். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா நல்லாயிரும். இருமல்ல கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது."

"சந்தோசமுங்க. ரெண்டாவது வரியில என்ற மச்சினன் பேரு இருக்குதுங்களே?"

"அது தூண்டியவர்."

"தூண்டுனவரா?"

"இந்தக் கிருமி நம்மள்ல நெறையப் பேரு உடம்புல தூங்கிட்டுத்தான் கெடக்குதுங்க. அதை எழுப்பிவிட ஒரு ஆள் வேணும். ஒருத்தரால மனசு வேகறப்ப ரத்தத்துல சில சரக்கு ஊறும். நெஞ்சுல நீர் கட்டியிருந்தா அங்கயும் போய்த் தேங்கிக்கும். எந்த நேரத்துல யாரு பக்கத்துல இருந்தாங்க, யாருகிட்டப் பேசுனாங்கன்னு கையில கட்டியிருக்கற பட்டையில இருக்குது. ரெண்டையும் பொருத்திப் பார்த்தா பேரு வந்துரும்."

"இதை நம்பலாமுங்களா?"

"சட்டம் நம்புதுங்க," என்றார் டாக்டர். முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

சட்டம் ரொம்பச் சுலபம். கிருமிக்கு மாத்திரை, தூண்டியவருக்குத் தடை. சிகிச்சை முடியும்வரை அவர் நோயாளிக்கு நூறு மீட்டருக்குள் வரக்கூடாது. வந்தால் இருவர் கையிலிருக்கும் பட்டையும் கத்தும், ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இந்தச் சட்டம் வந்ததிலிருந்து ஊர் உலகம் தலைகீழாகிவிட்டது. பக்கத்தில் ஓர் ஊரில் கவுன்சிலர் பெயர் பலருடைய நெஞ்சு நீரில் வந்து, அவர் சொந்த வார்டுக்குள் நுழைய முடியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். மாமியாரைக் கிளப்புவதற்காக, எனக்கும் கொஞ்சம் நீர் கட்டக்கூடாதா என்று கோயிலில் வேண்டிக்கொண்ட மருமகளையும் எனக்குத் தெரியும்.

பூபதி கெட்டவன் இல்லை. தொணதொணப்பவன், அவ்வளவுதான். அடுத்த மாதம் நேத்ராவுக்குக் கல்யாணம். ஒரு மாதமாகத் தினமும் நாலு தடவை அக்காவைக் கூப்பிட்டு, பந்தியில் அசோகாவா காசி அல்வாவா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அசோகா என்றால் காசி அல்வாவின் பெருமையைச் சொல்வான். காசி அல்வா என்றால் பூசணிக்காய் விலையைச் சொல்வான். அந்த அல்வாதான் அவளுடைய நெஞ்சில் போய்த் தேங்கியிருக்கிறது.

அக்காவைப் பார்க்க வந்திருந்த அவனை அப்போதே ஆஸ்பத்திரிக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ரோட்டுக்கு அந்தப்பக்கம், நூறு மீட்டர் தள்ளி, கரும்புச்சாறு வண்டியின் ஓரமாக நின்று போனில் அழுதான். "மச்சான், நான் என்ன பண்ணுனேன்? என்ற அக்காவை நானா கொல்லப் பார்ப்பேன்?"

அவன் அழுததும் என் சந்தோஷம் போய்விட்டது. அதைவிட, பின்னால் வரப்போவது அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டாமல் ஒரு காரியமும் நகராது. பெற்றவளும் மேடையில் நிற்க வேண்டும். கோகிலாவுக்கு உடன்பிறந்தவன் இவன் ஒருத்தன்தான். இப்போது அக்காவும் தம்பியும் ஒரு மண்டபத்தில் இருக்க முடியாது.

ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம். நான், நேத்ரா, என் அண்ணன். பூபதி போனில். டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். நீர் மறுபடி ஊறுவதால் அடுத்த வாரம் இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கும், காரணி கடைசியாகச் சொல்லும் பெயர்தான் செல்லும்.

"அப்ப வேற ஒரு பேரு வரோணும்," என்றார் அண்ணன், போண்டாவைப் பிட்டுக்கொண்டே. "கல்யாணத்துக்கு இல்லாட்டியும் பரவால்லைங்கற ஆளாப் பார்க்கோணும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நேத்ராவும் பார்த்தாள். போனில் இருந்த பூபதிகூட என்னைப் பார்ப்பதுபோல் பேசாமல் இருந்தான்.

"நான் பொண்ணைப் பெத்தவன்," என்றேன்.

"அதனாலென்ன? தாரை வாக்கறதுக்குப் பெரியப்பன் நான் இருக்கறேன். மாமனுக்கு மாத்து ஆள் உண்டா சொல்லு. நீ இல்லாட்டி போட்டோவுல ஒரு ஆள் கொறையும், அவ்வளவுதான்."

"அப்பா, நீங்க அம்மாவை நல்லாக் கடுப்பேத்துவீங்கல்ல," என்றாள் நேத்ரா, என் கையைப் பிடித்துக்கொண்டு. "ஒரே ஒரு வாரமுங்கப்பா. அம்மாகிட்டச் சொல்லிற வேண்டாம். தெரிஞ்சா கடுப்பாக மாட்டாங்க."

யாருமே ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அது எனக்கு வலித்தது. ஆனாலும் பெண்ணின் கல்யாணம். ஒத்துக்கொண்டேன். அவளை எரிச்சல்படுத்துவது எனக்கென்ன புது வேலையா, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கோகிலாவின் கைப்பட்டையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. மனசு வெந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. முதல் நாள் காலையில் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒரு கஸ்டமரிடம் கத்திப் பேசினேன். பச்சை. மிக்சரைக் கடகடவென்று மென்றேன். பச்சை. ஆஸ்பத்திரி ரசம் அவள் வைக்கும் ரசத்தைவிடத் தேவலை என்றேன். "அப்படிங்களா, நல்லாக் குடிங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

ரோட்டுக்கு அந்தப்பக்கமிருந்து பூபதி போனில் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தான். "மச்சான், எங்கப்பனைப் பத்தி எதாச்சும் சொல்லிப் பாருங்க. அக்காவுக்குப் பத்திக்கும்."

அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கல்யாணத்தில் போட்ட செயின் இளைத்த கதை முதல் வண்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு சைக்கிள் வாங்கித் தந்த கதைவரை ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் எனக்கு வருஷம் தவறியது. கண்ணை மூடியபடியே அவள் திருத்தினாள். பட்டை பச்சையாகவே இருந்தது. என் கைப்பட்டைதான் சிவந்துபோனது.

டாக்டரிடம் போய் முறையிட்டேன். "என்னங்க இது, நான் என்ன பண்ணுனாலும் ஏற மாட்டேங்குது?"

"அவங்க உடம்பு உங்களுக்குப் பழகிருச்சுங்க," என்றார் ஹசீனா. "தடுப்பூசி போட்ட மாதிரி. கொஞ்சங்கொஞ்சமா வருசக்கணக்காக் குடுத்திருக்கறீங்க."

இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் இவ்வளவு மோசமான சான்றிதழ் கொடுத்ததில்லை. மேலே என்ன செய்வதென்று தெரியாமல் வாரம் முழுக்கக் கூத்தடித்தேன். நர்ஸ்கள் என்னைப் பார்த்து முகம் சுளித்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரம்மாவுக்கு என்னால் பிரஷர் ஏறியது. கோகிலாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நீர் எடுப்பதற்கு முந்தின நாள் மத்தியானம். நேத்ரா துணி எடுக்கப் போயிருந்தாள். கோகிலா தண்ணீர் குடிக்க எழுந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். மூச்சு உள்ளே போகவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்தபடி, சத்தமில்லாமல் நின்றாள். எனக்குக் கூத்தெல்லாம் மறந்துபோனது. ஓடிப்போய் முதுகில் ஒரு கையும் விலாவில் ஒரு கையும் கொடுத்து உட்கார வைத்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே அவள் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. எப்போது இவ்வளவு இளைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"ரொம்ப வலிக்குதா கோகிலா?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "எதுக்குக் கேக்கறீங்க?"

"எதுக்குன்னா? வலிக்குதான்னுதான் கேக்கறேன்."

"நேத்ரா பொறந்தப்ப நீங்க கேக்கலை. கர்ப்பப்பையை எடுத்தப்ப கேக்கலை. காரை விட்டு எறங்கறப்ப கதவுல வெரல் சிக்குனப்ப, கதவுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டீங்க." குரல் உடைந்தது. அழுதால் வலிக்கும், ஆனாலும் அழுதாள். "நான் பாட்டுக்கு இருந்தேன். எதுக்கு இப்பப் போய்க் கேக்கறீங்க?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதிலிருந்த பட்டை ரத்தச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் திரையில் இரண்டாவது வரி மாறியிருந்தது. தூண்டியவர்: சென்னியப்பன், கணவர்.

அண்ணன் என் முதுகில் தட்டினார். பூபதி தடை நீங்கி ஓடிவந்து என் காலில் விழுந்தான். நேத்ரா தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். கோகிலா வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"அதானா வாரம் பூராவும் அந்தக் கூத்து?" என்றாள் என்னிடம். "ஆனா நேத்து கேட்டது கூத்தில்லை. எனக்குத் தெரியும்."

அதிகாரி ஒருவர் வந்து என்னை வெளியே கூட்டிப்போவதற்குள் டாக்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். "ஆறு மாசம் கழிச்சு நான் வீட்டுக்குப் போயிரலாமுங்கல்ல?"

ஹசீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் வத்தலைன்னா போலாமுங்க. காரணி சொன்ன ஆள் தப்புன்னு அர்த்தம், தடையை எடுத்துருவாங்க. நீர் வத்திருச்சுன்னா நீங்கதான் காரணம்னு உறுதியாயிரும். தடை நிரந்தரமாயிரும்."

"நீர் மாத்திரையாலதானுங்க வத்தும்?"

"ஆமாங்க."

"அப்பறம் எப்படிங்க அது என் கணக்குல சேரும்?"

"மாத்திரை எல்லா நோயாளிக்கும் ஒண்ணுதான். தூண்டியவர் மட்டும்தான் ஆளாளுக்கு மாறறாரு. எது மாறுதோ அதைத்தான் காரணி கணக்குல எடுக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "நானும் மேலதிகாரிங்களுக்கு எழுதிக் கேட்டேனுங்க. என்னால மனசு வெந்ததா அங்க ஒருத்தர் சொல்லிட்டாரு," என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபத்திலிருந்து நூறு மீட்டர் தாண்டியிருந்த ஒரு சலூனில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பூபதி நேத்ராவின் நெற்றியில் பட்டம் கட்டினான். அண்ணன் எனக்குப் பதிலாகத் தாரை வார்த்தார், தண்ணீரைத் தன் வேட்டியிலும் ஊற்றிக்கொண்டார். பந்தியில் அசோகாவும் இருந்தது, காசி அல்வாவும் இருந்தது. இலையில் கட்டி எனக்குக் கொடுத்தனுப்பினார்கள். சவரக் கத்திகளுக்கு நடுவில் உட்கார்ந்து தின்றேன்.

தடை வந்த நாளிலிருந்தே கடை மாடியில்தான் குடியிருந்தேன். வினோதம் என்னவென்றால், கூட இருந்தபோது பேசாத பேச்சையெல்லாம் போனில் பேசினோம். என்ன சமைத்தாய், மூச்சு எப்படி இருக்கிறது, மழை அங்கே வந்ததா என்று நான் கேட்பேன். நான் கேட்கக் கேட்க அவள் சொல்வாள். வயசான காலத்தில் எனக்கு அவள்மேல் ஆசை வந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உண்மை அதுதான்.

தடை வந்து இரண்டு மாதம் ஆனபோது ஒரு காலையில், அம்மாவைப் பார்க்க வந்திருந்த நேத்ரா கூப்பிட்டாள். பேச முடியாமல் அழுதாள். அம்மாவுக்கு மறுபடி நீர் கட்டியிருந்தது, முன்னைவிட அதிகமாக. சமையலறையில் வெந்தய டப்பாவைத் திறந்தால் வெந்தயத்துக்கு அடியில் முழுக்க மாத்திரைகள். தினமும் எல்லோர் முன்னாலும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு துப்பி வைத்திருக்கிறாள். இப்படிப் போனால் கிருமி மாத்திரைக்கு அடங்காததாகிவிடும், அப்புறம் தன் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

கோகிலாவைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கப் பேசினாள்.

"நீர் வத்துனா நீங்க வர முடியாதுங்க. வத்தலைன்னா வந்துரலாம். இன்னும் நாலு மாசம்தானே, எப்படியாச்சும் தாட்டிருவேன்."

"நாலு மாசம் நீ இருக்கோணுமே."

"இருப்பேன்."

"பைத்தியமா உனக்கு? போன்ல பேசிக்கிட்டுத்தானே இருக்கறோம்?"

"போன்ல கை வருமா?" என்றாள். "அன்னைக்கு விலாவுல கை வெச்சீங்களே. அது ஒண்ணு போதும் எனக்கு. அதுக்காக நீர் இருந்துட்டுப் போகட்டும்."

கெஞ்சினேன். திட்டினேன். நேத்ரா மேல் சத்தியம் என்றேன். வாரம் முழுக்க நான் கூத்தடித்தபோது எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள். ஒன்றும் ஏறவில்லை. மேஜைமேல் பாதி காயில் சுற்றிய மோட்டார் ஒன்று கிடந்தது. அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டேன். அவளிடம் ஏறக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த ஒரே நல்ல சாமான்.

"கோகிலா, ஒண்ணு சொல்றேன் கேளு," என்றேன். "அன்னைக்கு நான் வலிக்குதான்னு கேட்டது உனக்காக இல்லை. பட்டை செவக்கவே மாட்டேங்குது, மறுநாள் நீர் எடுக்கோணும். இப்படிக் கேட்டா செவக்கும்னு பூபதிதான் ரோசனை சொன்னான். அதான் கேட்டேன்."



"பொய்," என்றாள்.

"அவனையே கேட்டுப்பாரு. கல்யாணம் நடக்கோணுமில்லை. மத்தபடி இங்க நான் நிம்மதியாத்தான் இருக்கறேன். மெஸ் சாப்பாடு நல்லாவே இருக்குது. நீ எதையாச்சும் நெனைச்சுக்கிட்டு அங்க கெடந்து சாகாதே."

எனக்குக் குரல் நடுங்கிவிடக்கூடாதே என்று மோட்டாரின் இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் கைகொடுத்தது.

"நேத்ரா," என்று அவள் கூப்பிடுவது கேட்டது. "அம்மா, பட்டை செவந்திருச்சே, யாருங்க போன்ல?" என்று நேத்ரா பதறினாள். "அந்த மாத்திரையை எடுத்துட்டு வா," என்றாள் கோகிலா. தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. நேத்ரா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் கேட்டது. பிறகு கோகிலா போனில் வந்து, "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க," என்று வைத்துவிட்டாள். நான் உடனே பூபதியைக் கூப்பிட்டு, அக்கா கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன்.

சிகிச்சை முடிந்ததும் டாக்டர் ஹசீனாவே கூப்பிட்டுச் சொன்னார். நீர் சுத்தமாக வற்றிவிட்டது, எடைகூட ஏறியிருக்கிறது, சிரித்தால் வலிப்பதும் இல்லை என்றார். காரணியும் என்னை உறுதி செய்துவிட்டது. தடை இனி நிரந்தரம்.

"வருத்தமா இருக்குதுங்க," என்றார்.

"டாக்டர், நீர் கட்டுனதுக்கு யாரு காரணம்னு சொல்லுதே, வத்துனதுக்கு யாரு காரணம்னு அது சொல்லுமுங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்கன்னு தெரியுதுங்க," என்றார் அவர். நேத்ரா அவரிடம் ஏதாவது சொல்லியிருப்பாளோ என்னவோ.

"அந்த வசதி இன்னும் வரலைங்க," என்றார்.

"வராமயே இருக்கட்டுமுங்க," என்றேன்.